ஹாம் ரேடியோ உரிமம்: செட் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

இணையக் கடையில் சில ஆயிரம் ரூபாய் கொடுத்தால் கைக்கு அடக்கமான ஒரு வாக்கி-டாக்கி வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. அதை வைத்திருக்கவே உரிமம் வேண்டும் என்பது பலருக்கு வாங்கிய பிறகுதான் தெரிகிறது. 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணைய விற்பனைத் தளங்கள் பலவற்றுக்கு நோட்டீஸ் அனுப்பியது. எந்த அலைவரிசையில் இயங்கும், உரிமம் தேவையா என்ற விவரமே இல்லாமல் அவை இத்தகைய கருவிகளை விற்றன என்பதுதான் காரணம். 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சின்னப் பட்டையில், குறைந்த சக்தியில் இயங்கும் கருவிகளுக்கு மட்டும் உரிம விலக்கு உண்டு. கடையில் கிடைக்கும் மலிவு செட்டுகளில் பெரும்பாலானவை அந்த விலக்குக்குள் அடங்காதவை.

பொழுதுபோக்காக வானொலி அலைகளில் பேசும் அமெச்சூர் சேவைக்குத்தான் ஹாம் ரேடியோ என்று பெயர்; அதில் ஈடுபடுவோர் ஹாம்கள். அந்த உரிமம் கிடைப்பது பலர் நினைப்பது போலக் கடினமில்லை. செலவு அதிகமில்லை; பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. 12 வயது நிறைந்த இந்தியக் குடிமகன் யாரும் விண்ணப்பிக்கலாம். ஏழாம் வகுப்புப் பிள்ளையும் ஓய்வுபெற்ற தாத்தாவும் ஒரே தேர்வை எழுதி ஒரே உரிமையைப் பெறும் திட்டம் இது. இதைப் பற்றி நம் பள்ளிகளில் ஒருவரும் சொல்வதில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

இதற்கான அடிப்படை, 1978ஆம் ஆண்டின் அமெச்சூர் சேவை விதிகள். பின்னாளில் பலமுறை திருத்தப்பட்டன. நடைமுறைப்படுத்துவது மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் கீழ் உள்ள வயர்லெஸ் திட்டமிடல், ஒருங்கிணைப்புப் பிரிவு. ஹாம்கள் டபிள்யூபிசி என்று சுருக்கமாகச் சொல்வார்கள். விண்ணப்பம் எல்லாம் இப்போது சரள் சஞ்சார் இணையதளம் வழியாகத்தான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஏஎஸ்ஓசி (அமெச்சூர் நிலைய இயக்குநர் சான்றிதழ்) என்பது தேர்வில் தேறியதற்கான சான்றிதழ். வானொலியை இயக்கும் திறன் உங்களுக்கு இருக்கிறது என்று அது சொல்கிறது. நிலைய உரிமம் வேறு; உங்கள் முகவரியில் நிலையம் அமைக்கவும், கருவி வைத்திருக்கவும், அலைபரப்பவும் அனுமதிப்பது அதுதான். காற்றில் உங்களை அடையாளம் காட்டும் எழுத்தும் எண்ணும் சேர்ந்த கால் சைன் அதில்தான் இருக்கும். தேர்வில் தேறிவிட்டோம் என்ற உற்சாகத்தில் மைக்கைக் கையில் எடுத்துவிடக் கூடாது. உரிமம் கைக்கு வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். அந்தக் காத்திருப்பு சில நேரம் மாதக் கணக்கில் நீளும்.

உரிமத்தில் இரண்டு தரம் உண்டு: ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல். ரெஸ்ட்ரிக்டட் தரத்துக்கு எழுத்துத் தேர்வு மட்டும் போதும். வானொலிக் கோட்பாடு ஒரு பகுதி, விதிமுறைகள் ஒரு பகுதி. ஒவ்வொன்றிலும் 40 விழுக்காடு, மொத்தத்தில் 50 விழுக்காடு எடுத்தால் தேர்ச்சி. ஜெனரல் தரத்துக்கு எழுத்துத் தேர்வு இன்னும் கொஞ்சம் கடினம். கூடவே நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில், புள்ளி, கோடு ஒலிகளால் ஆன மோர்ஸ் குறியீட்டை அனுப்பவும் கேட்டு எழுதவும் தெரிய வேண்டும். ரெஸ்ட்ரிக்டட்காரர்களுக்கு அதிகபட்சம் 50 வாட். ஜெனரலுக்கு 400 வாட் வரை. சிற்றலைகளில் இயங்கும் இன்றைய எச்எஃப் செட்டுகள் பெரும்பாலும் 100 வாட் தருபவை. ரெஸ்ட்ரிக்டட் உரிமத்தில் அப்படி ஒன்றை வைத்திருந்தால் சக்தியைக் குறைத்து வைத்துத்தான் பேச வேண்டும்.

மோர்ஸைக் கண்டு பயந்து ஜெனரல் பக்கமே போகாதவர்கள் நிறையப் பேர். என் கருத்து: முதலில் ரெஸ்ட்ரிக்டட் எடுங்கள், காற்றில் ஏறுங்கள், மோர்ஸைப் பின்னர் பழகுங்கள். பழகும்போது புள்ளி, கோடு என்று தாளில் எழுதி மனப்பாடம் செய்யாதீர்கள். ஒவ்வொரு எழுத்தையும் ஒரு ஒலியாகக் காதில் ஏற்றுங்கள். தினமும் கால் மணி நேரம் கேட்டால் காது தானாகப் பிடித்துக்கொள்ளும்.

கோட்பாட்டுப் பகுதியில் ஓமின் விதி, மின்தேக்கி, டிரான்சிஸ்டர், ஆன்டெனா, அலை பரவும் விதம் எல்லாம் வரும். தேர்வுக்காக மேலோட்டமாகப் படித்துவிட்டுப் பின்னர் வருந்தும் பகுதி, கடைசியாகச் சொன்ன அலை பரவல்தான். உரிமம் கையில் வந்தபின் ஒவ்வொரு நாளும் தேவைப்படுவது அதுவே.

பூமிக்கு மேலே சுமார் 60 கிலோமீட்டரில் தொடங்கும் அயனி மண்டலத்தில் பல அடுக்குகள் உள்ளன. சுமார் 150 கிலோமீட்டருக்கு மேலே உள்ள எஃப் அடுக்குதான் சிற்றலைகளைத் திருப்பிப் பூமிக்கு அனுப்புகிறது. அதற்குக் கீழே, 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள டி அடுக்கு பகலில் மட்டும் உருவாகும்; அலையைத் திருப்பாது, விழுங்கும். தாழ்ந்த அதிர்வெண் என்றால் அதிகமாக விழுங்கும். அதனால்தான் 7 மெகாஹெர்ட்ஸில் பகல் வேளையில் சென்னைக்காரருக்கு மதுரையும் பெங்களூரும் தெளிவாகக் கேட்கும், தூர தேசம் கேட்காது. சூரியன் மறைந்ததும் டி அடுக்கு கரைந்துவிட, அதே பட்டையில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் இருப்பவர் வந்து நிற்பார்.

14 மெகாஹெர்ட்ஸில் புதியவர்கள் திகைப்பது இன்னொன்று. ஐரோப்பா கேட்கிறது, விழுப்புரம் கேட்கவில்லையே என்பார்கள். தரையோடு போகும் அலை சில பத்துக் கிலோமீட்டரில் தீர்ந்துவிடும். வானில் பட்டுத் திரும்பும் அலை நெடுந்தொலைவில்தான் இறங்கும். இரண்டுக்கும் நடுவே இருப்பவர்களுக்கு உங்கள் குரல் போய்ச் சேராது. செட்டில் கோளாறு எதுவும் இல்லை.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதில் தனி அக்கறை இருக்க வேண்டும். காந்த நிலநடுக்கோடு நம் தென்கோடிக்கு மிக அருகே செல்கிறது. 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து ஏவப்பட்ட முதல் ஆய்வு ராக்கெட் தும்பாவிலிருந்து புறப்பட்டதற்கும், திருநெல்வேலியில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் ஆய்வுக்கூடம் வைத்திருப்பதற்கும் இதுவே காரணம். இங்கே சூரியன் மறைந்தபின் எஃப் அடுக்கு கலங்கும் நாட்கள் உண்டு. அப்போது சிக்னல் தடதடவென்று ஏறி இறங்கும். வெளிநாட்டுக் கையேட்டில் படித்த நேரக் கணக்கு நம் ஊருக்கு அப்படியே பொருந்தாது. நாமே கேட்டுக் குறித்து வைத்துக்கொள்வதுதான் வழி.

கேட்பதற்கு உரிமம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகம் இணையம் வழியாகத் திறந்து வைத்திருக்கும் ரேடியோ ரிசீவரை உங்கள் போனிலேயே திருகிக் கேட்கலாம். உலகெங்கும் அதுபோல் பல உள்ளன. இரண்டு மூன்று மாதம் கேட்டாலே ஹாம்கள் பேசும் முறை, கால் சைன் சொல்லும் ஒழுங்கு, 73 என்று விடைபெறும் வழக்கம் எல்லாம் படிந்துவிடும்.

தேர்வுக் கட்டணம் 100 ரூபாய். உரிமக் கட்டணம் 20 ஆண்டுகளுக்கு 1,000 ரூபாய், வாழ்நாள் உரிமத்துக்கு 2,000 ரூபாய். கட்டும் நாளில் தளத்தில் உள்ள தொகையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இளம் வயதினர் கையில் பணம் இருந்தால் வாழ்நாள் உரிமமே எடுப்பது நல்லது; புதுப்பிக்க மறந்து உரிமம் காலாவதியானவர்கள் கொஞ்சநஞ்சமல்ல. வயது, முகவரி, குடியுரிமை ஆகியவற்றுக்கான சான்றுகளில் பெயர் எழுத்து ஒரே மாதிரி இருக்கிறதா என்று விண்ணப்பிக்கும் முன்பே சரிபாருங்கள். இனிஷியல் ஒன்றில் முன்னாலும் ஒன்றில் பின்னாலும் இருப்பது நம் பக்கத்தில் சாதாரணம். அதனாலேயே விண்ணப்பம் தேங்கிவிட இடம் கொடுக்க வேண்டாம்.

நம் நாட்டு ஹாம்களின் கால் சைன் வியு என்று தொடங்கும். ஜெனரலுக்கு வியு2, ரெஸ்ட்ரிக்டட்டுக்கு வியு3. அந்தமான் நிக்கோபாரிலிருந்து இயக்கினால் வியு4, லட்சத்தீவு என்றால் வியு7. ராஜீவ் காந்தியின் கால் சைன் வியு2ஆர்ஜி.

உரிமம் எதற்குச் செல்லாது என்பதையும் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். வியாபாரத்துக்குச் செல்லாது. கல்யாண மண்டபத்தில் பந்தி ஒருங்கிணைக்கவோ, காவலாளிகளை வேலை வாங்கவோ ஹாம் அலைவரிசையைப் பயன்படுத்தக் கூடாது. அதற்குத் தனி உரிமம் இருக்கிறது. பாட்டுப் போடக் கூடாது. பிறருக்குப் புரியாத ரகசியக் குறியீட்டில் பேசக் கூடாது. 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரைதான் நம் நாட்டில் இரண்டு மீட்டர் பட்டை. அமெரிக்காவுக்கென்று செய்த செட் 148 வரை திறந்திருக்கும். செட் விடுகிறது என்பதற்காக நாம் போய்விட முடியாது.

செட் வாங்கும்போது பணத்தில் பெரும்பகுதியைக் கருவிக்கே கொட்டிவிடாமல் ஆன்டெனாவுக்கு இடம் வையுங்கள். 7 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு டைபோல் என்றால் மொத்தம் சுமார் 20 மீட்டர் கம்பி, நடுவில் வெட்டிப் பக்கத்துக்கு 10 மீட்டர். மொட்டை மாடியில் நாலைந்து மீட்டர் உயரத்தில் கட்டினாலும் போதும். தாழ்வாக இருப்பதால் அலை செங்குத்தாக மேலே போய்ச் சுற்றிலும் 300, 400 கிலோமீட்டருக்குள் இறங்கும். தூர தேசத்துக்கு அது உதவாது. ஆனால் புயல் நாளில் மாவட்டங்களுக்கு இடையே பேச அதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

இந்தப் பொழுதுபோக்குக்கு அரசு அலைவரிசை ஒதுக்கியிருப்பதன் நியாயம் அங்கேதான் தெரியும். 2004 டிசம்பரில் ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனக் குழு ஒன்று, வியு4 கால் சைனில் உலகத்தோடு பேசுவதற்காகப் போர்ட் பிளேருக்குப் போயிருந்தது. 26ஆம் தேதி சுனாமி வந்தது. தொலைபேசி அறுந்துபோன அந்த நாட்களில் அவர்களின் நிலையம் தகவல் போக்குவரத்து நிலையமாக மாறியது. அப்படி ஒரு நாளில் உதவ வேண்டுமானால் செட்டும் பேட்டரியும் முன்னமே தயாராக இருக்க வேண்டும். மாவட்டப் பேரிடர் மேலாண்மை அலுவலகத்தில் உங்கள் கால் சைனை முன்கூட்டியே தெரிவித்து வைத்திருக்கவும் வேண்டும்.

உரிமம் வந்த நாளிலிருந்து லாக் புத்தகம் எழுதுங்கள்: தேதி, நேரம், அலைவரிசை, எதிரே பேசியவரின் கால் சைன், சிக்னல் அறிக்கை. விதிப்படி இது கட்டாயம். வீடு மாறினால் புதிய முகவரியை உரிமத்தில் மாற்றிக்கொண்ட பிறகே அங்கிருந்து நிலையத்தை இயக்குங்கள்.