டிப்ஐஎஃப்ஆர் டிப்ளமாவுக்குப் பணம் கட்டும் முன்

இரண்டரை ஆண்டுகளுக்கு முன் கரூரிலிருந்து ஒரு தகப்பனார் அழைத்தார். "புள்ள பி.காம் முடிச்சிருக்குதுங்க. ஐஎஃப்ஆர்எஸ் டிப்ளமான்னு ஒண்ணு இருக்குதாமா. ஆறு மாசத்துல முடிச்சா வெளிநாட்டுக் கம்பெனியில வேலை உறுதிங்கறாங்க. நாளைக்குள்ள கட்டுனா தள்ளுபடியாம். கட்டிப்போடலாங்களா?"

வேலை அனுபவம் உண்டா என்று கேட்டேன். இல்லை. "அதுக்கு அவங்களே ஒரு சர்டிபிகேட் ஏற்பாடு பண்ணித் தர்றாங்களாமுங்க" என்றார்.

கட்ட வேண்டாம் என்று சொன்னேன். அன்று போனில் அவசரமாகச் சொன்னதை இங்கே நிதானமாக எழுதுகிறேன். நான் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட். வெளிநாட்டுத் தாய் நிறுவனங்களுக்கு சென்னையிலிருந்து கணக்கு அனுப்பும் குழுக்களோடு பல வருடங்களாக வேலை செய்கிறேன். அந்தக் குழுக்களில் இந்தத் தேர்வுக்குப் படிப்பவர்களின் விடைத்தாள்களையும் திருத்திக் கொடுக்கிறேன்.

முதலில் தகுதி. ஐஎஃப்ஆர்எஸ் என்பது பல நாடுகள் பின்பற்றும் சர்வதேச நிதி அறிக்கைத் தரநிலைகள். பிரிட்டனின் ஏசிசிஏ என்ற கணக்கர் அமைப்பு அதில் நடத்தும் டிப்ஐஎஃப்ஆர் என்ற இந்த டிப்ளமா, ஏற்கெனவே கணக்கு வேலையில் இருப்பவர்களுக்காக வகுக்கப்பட்டது. சிஏ போன்ற தொழில்முறைத் தகுதி இருந்தால் நேரே பதிவு செய்யலாம். தொடர்புள்ள பட்டம் மட்டும் இருந்தால் கூடவே இரண்டு ஆண்டு கணக்கியல் அனுபவம் வேண்டும். பட்டமே இல்லையென்றால் மூன்று ஆண்டு முழுநேர அனுபவம். கல்லூரியை விட்டு வெளியே வந்த கையோடு எழுத முடியாது. பொய்யான அனுபவச் சான்றிதழோடு உள்ளே போவதை யோசிக்கவே யோசிக்காதீர்கள். நாம் சரியென்று சொன்ன எண்ணை நம்பி ஊர் பணம் போடுகிற தொழில் இது. ஏசிசிஏவையே முழுதாக முடித்தவர்களுக்கு இது தேவையில்லை, அவர்கள் பாடத்திலேயே இது இருக்கிறது.

"நம்ம ஊர்லதான் இண்ட் ஏஎஸ் இருக்கே மேடம், அப்புறம் ஐஎஃப்ஆர்எஸ் தனியா எதுக்கு?" இளைய ஆடிட்டர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது. கேட்க வேண்டிய கேள்விதான். 2015 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட இண்ட் ஏஎஸ் (இந்தியக் கணக்கியல் தரநிலைகள்), 2016 ஏப்ரல் 1 முதல் 500 கோடி ரூபாய்க்கு மேல் நிகர மதிப்புள்ள கம்பெனிகளுக்கும், அடுத்த ஆண்டு 250 கோடிக்கு மேல் உள்ளவற்றுக்கும், பட்டியலிடப்பட்ட மற்றக் கம்பெனிகளுக்கும் கட்டாயமானது. அதில் பெரும்பகுதி ஐஎஃப்ஆர்எஸ்ஸின் வரிகளேதான். ஆனால் சில இடங்களில் நம் நாடு வேண்டுமென்றே விலகியிருக்கிறது. அந்தச் சில இடங்களில்தான் அனுபவசாலிகளும் சறுக்குகிறார்கள்.

நான் பார்த்த ஒன்று. ஒரு ஐரோப்பியக் குழுமத்தின் இந்தியக் கிளை நிறுவனம், நலிந்த கம்பெனி ஒன்றை 42 கோடிக்கு வாங்கியது. வாங்கிய நாளில் அதன் நிகரச் சொத்தின் நியாய மதிப்பு (அன்றைய சந்தை மதிப்பு) 47 கோடி. மலிவு விலையில் கிடைத்த இந்த 5 கோடியை எங்கே காட்டுவது? எங்கள் குழு அதை லாபமாகக் காட்டாமல் மூலதனக் காப்பில் (கேபிடல் ரிசர்வ்) வைத்தது. கம்பெனிகளை வாங்குவது பற்றிய இண்ட் ஏஎஸ் 103 அப்படித்தான் சொல்கிறது, ஆதாயம் லாப நட்டக் கணக்கை எட்டிப் பார்க்கவே கூடாது. அதே எண்ணைத் தாய் நிறுவனத்துக்கும் அனுப்பிவிட்டார்கள். ஐஎஃப்ஆர்எஸ் 3 படி, மதிப்பீடுகளை இன்னொரு முறை சரிபார்த்த பிறகு அந்த ஆதாயம் லாபத்தில்தான் சேர வேண்டும். குழுமத்தின் ஆடிட்டர் கேட்டபோது கணக்கு முடிக்க இரண்டு நாள்தான் மீதி. அந்த இரண்டு இரவும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. குழுவில் யாருக்கும் உழைப்பில் குறையில்லை. இரண்டு புத்தகமும் ஒன்றுதான் என்று நம்பியிருந்தார்கள், அவ்வளவுதான்.

முதலீட்டுக்காக வைத்திருக்கும் கட்டடமும் இப்படித்தான். ஐஎஃப்ஆர்எஸ் குடும்பத்தின் பழைய தரநிலைகளில் ஒன்றான ஐஏஎஸ் 40 நியாய மதிப்பு முறையையும் அனுமதிக்கிறது. இண்ட் ஏஎஸ் 40 அடக்க விலையை மட்டுமே ஏற்கிறது, நியாய மதிப்பைக் குறிப்பில் சொன்னால் போதும். வங்கிக் கணக்குப் பக்கம் வேலை செய்பவர்களுக்கு இடைவெளி இன்னும் பெரிது. நம் வணிக வங்கிகளுக்கு இண்ட் ஏஎஸ்ஸை 2019 மார்ச்சில் ரிசர்வ் வங்கி காலவரையின்றி ஒத்திவைத்தது. ஆகவே இந்தியப் பழக்கத்தோடு தேர்வறைக்குப் போகிறவர் எந்த இடத்தில் கை தன்னாலே தவறான பக்கம் போகும் என்பதைத் தனி நோட்டில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். என்னிடம் படிப்பவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் வேலையே அதுதான்.

தேர்வு ஒரே தாள். ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கிறது. 3 மணி 15 நிமிடம், நான்கு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண், எதையும் விட முடியாது. 50 எடுத்தால் தேர்ச்சி. முதல் கேள்வி ஆல்ஃபா, பீட்டா, காமா என்று கம்பெனிகளைக் கொடுத்து ஒருங்கிணைந்த நிதிநிலை அறிக்கை கேட்கும். குட்வில் (நிகரச் சொத்து மதிப்புக்கு மேல் கொடுத்த விலை), கிளை நிறுவனத்தில் வெளியாருக்கு இருக்கும் சிறுபான்மைப் பங்கு, குழுமத்துக்குள்ளேயே விற்றுக்கொண்ட சரக்கில் ஒளிந்திருக்கும் லாபம். நம் பிள்ளைகள் இதில் கெட்டி. இதை அழகாகப் போட்டுவிட்டு மற்ற மூன்றில் விழுகிறார்கள்.

காரணம் ஒன்றுதான்: எண் மட்டும் எழுதுகிறார்கள், ஏன் என்று எழுதுவதில்லை. கணக்குத் தெரியாத ஒரு நிர்வாக இயக்குநர் கேட்கும் சந்தேகங்களுக்கு விளக்கம் எழுதச் சொல்வது இந்தத் தாளின் வழக்கம். ஒரு குத்தகையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டு முடிவில் 10 லட்சம் வாடகை, ஐந்து வருடம், வட்டி விகிதம் 10 சதவீதம். ஐந்து வருட வாடகையின் இன்றைய மதிப்பு 37.91 லட்சம். ஐஎஃப்ஆர்எஸ் 16 படி அது சொத்தாகவும் கடனாகவும் ஏறுகிறது. முதல் வருடம் தேய்மானம் 7.58, வட்டி 3.79, மொத்தம் 11.37 லட்சம் செலவு. கடைசி வருடம் அதுவே 8.49. இதுவரை எல்லோரும் போட்டுவிடுவார்கள். "நான் கொடுத்த வாடகை 10 லட்சம்தானே, செலவு ஏன் கூடுதலாக நிற்கிறது?" என்று இயக்குநர் கேட்டால் அவருக்குப் புரியும்படி நாலு வாக்கியம் எழுத வேண்டும். கடன் பெரிதாக இருக்கும் காலத்தில் வட்டி அதிகம், அது கரையக் கரைய வட்டியும் இறங்கும், ஐந்து வருடத்துக்கும் கூட்டினால் அதே 50 லட்சம்தான் என்று. பெரும்பாலானோர் இங்கே பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்கள். மதிப்பெண் அங்கேதான் கிடக்கிறது.

அதனால் வீடியோ பார்த்தே படித்து முடித்தேன் என்று யாராவது சொன்னால் எனக்குக் கவலையாக இருக்கும். தினம் ஒரு கேள்வி, முழுதாக, கடிகாரம் வைத்து, கணினியிலேயே எழுதுங்கள். தேர்வும் கணினியில்தான். பழைய கேள்வித்தாள்களையும் தேர்வாளர் (எக்ஸாமினர்) அறிக்கைகளையும் ஏசிசிஏ தன் தளத்தில் இலவசமாகத் தருகிறது. நூறு பக்கக் கோச்சிங் நோட்ஸைவிட அந்த அறிக்கைகளை நான் பெரிதாக மதிக்கிறேன். தரநிலைகள் மாறிக்கொண்டே இருப்பதையும் கவனியுங்கள். 2024 ஏப்ரலில் வந்த ஐஎஃப்ஆர்எஸ் 18, 2027 ஜனவரி 1 முதல் ஐஏஎஸ் 1 இருந்த இடத்துக்கு வருகிறது. லாப நட்டக் கணக்கின் முகமே மாறப்போகிறது. நீங்கள் எழுதும் பருவத்துக்கு எது பாடம் என்பதை ஏசிசிஏ வெளியிடும் பட்டியலில் நீங்களே பாருங்கள், வகுப்பில் சொன்னதோடு நின்றுவிடாதீர்கள்.

இந்த டிப்ளமா எதைத் தராது என்பதையும் சொல்லியாக வேண்டும். தணிக்கை அறிக்கையில் கையெழுத்திடும் உரிமை தராது. ஏசிசிஏ உறுப்பினர் ஆக்காது. வேலையை உறுதி செய்யவே செய்யாது. ஏற்கெனவே செய்கிற வேலையில் ஒரு படி மேலே ஏற, குழும அறிக்கைப் பக்கம் நகர, அது மெய்யாகவே உதவும். அப்படி நகர்ந்தவர்கள் என் கண்முன் இருக்கிறார்கள்.

கரூர்ப் பெண்ணின் அப்பாவிடம் அன்று சொன்னது இதுதான்: ஒரு நல்ல ஆடிட்டர் ஆபீசில் வேலைக்குச் சேர்த்துவிடுங்கள், ஆர்வம் இருந்தால் அனுபவம் கேட்காத ஐஎஃப்ஆர்எஸ் சான்றிதழ்ப் படிப்பை இடையில் முடிக்கட்டும். கோயம்புத்தூரில் சேர்ந்தாள். இரண்டு வருடம் நிறைந்துவிட்டது, இந்த டிசம்பருக்குப் பதிவு செய்திருக்கிறாள். போன வாரம் இரவு ஒன்பது மணிக்கு அழைத்தாள்.

அவர்கள் தணிக்கை செய்யும் மில் ஒன்று ஐந்து வருடக் குத்தகைக்குக் குடோன் எடுத்திருக்கிறது. இன்னும் மூன்று வருடம் நீட்டிக்கொள்ளும் உரிமை மில்லுக்கு உண்டு. குத்தகைக் காலத்தை ஐந்து என்று கணக்கிடுவதா, எட்டு என்றா?

"நீ என்னம்மா நினைக்கிறே?"

"எட்டுங்க மேடம். தரை போட்டு, ரேக் அடிச்சு, தீயணைப்புக் குழாயெல்லாம் இழுத்துருக்காங்க. அவ்வளவு செலவு பண்ணிப்போட்டு அஞ்சாவது வருசம் காலி பண்ணிட்டுப் போவாங்களா? பக்கத்துல அந்த அளவுக்கு வேற குடோனும் இல்லீங்க. ஏன் எட்டுன்னு மூணு பத்தி எழுதி வச்சிருக்கறனுங்க. அனுப்பட்டுங்களா?"