ஃபர்மமென்ட்னா விண்வெளி இல்லீங்க, வான்முகடு

அந்தப் படத்தை எல்லாருமே பாத்திருப்பீங்க. ஒரு ஆளு முட்டி போட்டுக்கிட்டு, நட்சத்திரம் ஒட்டுன வானத்தைக் கிழிச்சு தலைய வெளிய நீட்டி, அந்தப் பக்கம் இருக்கற சக்கரம் மேகமெல்லாம் பாப்பான். மாசத்துக்கு ஒருதடவையாவது யாராவது அதைப் போட்டு "விண்வெளியை எட்டிப் பார்க்கும் மனிதன், இடைக்கால ஓவியம்"னு எழுதிடறாங்க. ஓவியம் இடைக்காலமும் இல்ல, 1888ல பிரான்ஸ்ல ஃப்ளாமரியோன் எழுதுன வானிலைப் புத்தகத்துல வந்த மரச்செதுக்குப் படம், அதுக்கு முன்னாடி வந்ததா எங்கயும் தெரியல. அதைக்கூட விட்டுடலாம். "விண்வெளி"யத்தான் என்னால விட முடியல. வெளியா இருந்தா அவன் எதுக்குங்க தலையால முட்டி ஓட்டை போடணும்?

அவன் முட்டறது இங்கிலீஷ்ல ஃபர்மமென்ட்னு சொல்ற வானக் கூரை. ஆதியாகமம் முதல் அதிகாரத்துல கடவுள் ரெண்டாம் நாள் உண்டாக்கி, கீழ்த் தண்ணியையும் மேல் தண்ணியையும் பிரிச்சாரே, அது. எபிரேயத்துல ரகீயா. அதோட வேர்ச்சொல்லுக்கு அடிச்சுத் தட்டையாக்கறது, விரிக்கறதுன்னு அர்த்தம், யாத்திராகமம் 39ல ஆசாரியன் உடுப்புக்காக பொன்னைத் தகடா அடிக்கறாங்களே, அங்கயும் அதே வேர்தான். யோபு 37லயும் அதே வேர் வருது, வார்த்த கண்ணாடி மாதிரி கெட்டியான வானம்னு. கிரேக்கத்துல ஸ்டெரியோமா ஆச்சு, கெட்டியானது. லத்தீன்ல ஃபிர்மமெந்தும், பைபிளை மொழிபெயர்த்த லூத்தர் ஜெர்மன்ல ஃபெஸ்டெ, எல்லாத்துலயும் அந்த கெட்டி இருக்கு. நம்ம பழைய தமிழ் பைபிள்ல ஆகாயவிரிவு. இதுல விரிச்சது வந்துருச்சு, கெட்டி போயிருச்சு. ஆனா அந்தக் காலத்துல மூலத்தைப் பாத்து யோசிச்சு வெச்ச சொல்லு, அதுமேல எனக்குக் கோபமே கிடையாது.

கோபமெல்லாம் அதுக்கு அப்புறம் வந்த மொழிபெயர்ப்பாளருங்க மேலதான். "ஆகாயம் வடசொல், தூக்கு"ன்னு சொல்லிட்டு விண்வெளி, வான்வெளின்னு போட்டாங்க பாருங்க, சொல்லு சுத்தமாயிருச்சு, அர்த்தம் தலைகீழாயிருச்சு. வெளின்னா காலி இடம். வெட்டவெளி, வயல்வெளி. ஃபர்மமென்ட்னா தண்ணி ஒழுகாம தாங்கி நிக்கற தளம். ஒண்ணுக்கொண்ணு நேர் எதிர். தனித்தமிழ் எனக்கும் பிடிக்கும், ஆனா சொல்லை மட்டும் சலவை பண்ணிட்டு பொருளைத் தொலைக்கறது தமிழுக்குப் பண்ற சேவையா?

பழைய வானியல் படங்களைப் பாத்தா இது சும்மா அகராதிச் சண்டை இல்லன்னு புரியும். 1493ல நூரம்பெர்க்ல ஷேடெல் போட்ட உலக வரலாற்றுப் புத்தகத்துல படைப்போட ஏழு நாளும் மரச்செதுக்குப் படமா இருக்கு. ஏழாம் நாள்ல நடுவுல பூமி, சுத்தி வட்டம் வட்டமா கோளங்க, எல்லாத்துக்கும் மேல சிம்மாசனத்துல கடவுள், பக்கத்துல தேவதூதருங்க. 1524ல ஜெர்மன் வானியலாளர் பீட்டர் ஆப்பியன் போட்ட படம் இன்னும் தெளிவு: நிலாவுல ஆரம்பிச்சு சனி வரைக்கும் ஏழு, எட்டாவது நட்சத்திரம் பதிஞ்ச ஃபர்மமென்ட், ஒம்பதாவது பளிங்கு வானம், பத்தாவது எல்லாத்தையும் சுழல வைக்கற முதல் இயக்கி, அதுக்கும் வெளிய "கடவுளும் தேர்ந்தெடுக்கப்பட்டவங்களும் குடியிருக்கற இடம்"னு அச்சடிச்சே வெச்சிருக்கார். பழைய கிரேக்க வானியல்காரங்க அரிஸ்டாட்டில், தாலமி கணக்கு உள்பக்கம், மோசே எழுதுனது வெளிப்பக்கம், ரெண்டும் ஒரே படத்துல. பைபிள் சொல்ற மேல் தண்ணிய எங்க வெக்கறதுன்னு பெரிய தலைவலி இருந்துச்சு, அந்தப் பளிங்கு வானந்தான் அந்தத் தண்ணின்னு சொல்லி சமாளிச்சவங்க உண்டு. இப்ப இந்த எட்டாவது வட்டத்துக்கு "விண்வெளி"ன்னு லேபிள் ஒட்டிப் பாருங்க. அப்ப ஒம்பதாவதும் பத்தாவதும் எங்க நிக்குது, அந்தரத்துலயா? படம் வரைஞ்சவன் பாவம்ங்க.

சரி, வேற என்ன போடலாம்? அண்டகடாகம்னு ஒரு சொல்லு இருக்கு, அண்டத்தோட ஓடு. கெட்டின்னு சரியா வரும், ஆனா நம்ம புராணத்து முட்டை மொத்தமும் கூடவே வந்து பைபிள் படத்துக்குள்ள உக்காந்துக்கும், அதுவுமில்லாம இன்னிக்கு யாருக்கும் புரியாது. வான்தகடுன்னு சொன்னா எபிரேயத்துக்கு ரொம்ப கிட்ட, ஆனா காதுல விழுந்ததும் சிங்க் ஷீட் கடை போர்டு மாதிரி இருக்கு. என் ஓட்டு வான்முகடுக்குத்தான். வீட்டுக் கூரையோட உச்சி முகடு, அண்டமுகடுன்னு பழைய செய்யுள்லயே இருக்கு. முகடுன்னா உச்சி மட்டும்தானே, முழு கூரை இல்லையேன்னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான். ஆனா அண்டமுகட்டை முட்டுச்சுன்னு சொல்லும்போது முட்டறதுக்கு கெட்டியா ஒண்ணு அங்க இருக்குல்ல, எனக்கு அது போதும்.

ஒண்ணு மட்டும் பாத்துக்கங்க, எல்லா இடத்துலயும் இதையே ஒட்டக்கூடாது. 1577ல வந்த வால்நட்சத்திரம் நிலாவுக்கு ரொம்ப மேல போகுதுன்னு வானியலாளர் டைக்கோ பிராஹே அளந்து சொன்னதுக்கு அப்புறம் கெட்டிக் கோளமெல்லாம் ஆட்டம் கண்டுருச்சு, கெட்டியா இருந்தா வால்நட்சத்திரம் ஊடுருவிப் போக முடியாதே. சொல்லு மட்டும் தங்கிருச்சு. 1690ல வந்த வானியலாளர் ஹெவெலியஸோட நட்சத்திர அட்லஸ் பேரு ஃபிர்மமெந்தும் சோபியெஸ்கியானும், போலந்து ராஜா சோபியெஸ்கி பேர்ல. அங்க ஓடும் இல்ல தண்ணியும் இல்ல, வெறும் விண்மீன் வானம்தான், தாராளமா வானம்னே போடுங்க. மொழிபெயர்க்கறவங்க முதல்ல படத்தோட வருஷத்தைப் பாக்கணும், அப்புறம் படத்தைப் பாக்கணும், கடைசியா அகராதி. நம்மாளுங்க அகராதியோட நிறுத்திக்கறாங்க, அதுவும் இப்ப மெஷின் துப்பறதை அப்படியே காப்பி பண்ணி.

இதே ஆளுங்கதான் செப்புத்தகட்டுல உளியால கீறி மை தடவி அச்செடுத்த படத்தையும், மரக்கட்டையச் செதுக்கி எடுத்த படத்தையும், ரெண்டையும் "கல்வெட்டு"ன்னு எழுதறாங்க. காகிதத்துல அச்சடிச்சதுங்க அது. கல்லு எங்கேருந்து வந்துச்சு? 1660ல ஆம்ஸ்டர்டாம்ல செல்லாரியஸ் போட்ட வான அட்லஸ்ல பாய்மரக் கப்பல் நட்சத்திரக் கூட்டத்தை நோவா பேழையாவும், ராசி பன்னெண்டையும் பன்னெண்டு அப்போஸ்தலராவும் மாத்துன தகடுகூட இருக்கு, ஷில்லர்னு ஒருத்தர் 1627ல பண்ண வேலை அது. அதுக்கு ஒரு இடத்துல "கிறிஸ்தவ விண்வெளிக் கல்வெட்டு"ன்னு தமிழ்ல குறிப்பு போட்டிருந்தாங்க. மூணு சொல்லுல ரெண்டு தப்பு.