பிரிண்டருக்குள் வெடிக்கும் குமிழி

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "கோடை விடுமுறை முழுக்க பிரிண்டரைத் தொடவே இல்லை. பள்ளி திறந்ததும் மகளின் ப்ராஜெக்டுக்குப் படம் எடுக்கப் பார்த்தால் நீலமே வரவில்லை, மற்ற நிறங்களிலும் வெள்ளை வெள்ளையாகக் கோடு. டேங்கில் இங்க் பாதிக்கு மேல் இருக்கிறது. சர்வீஸ்காரர் ஹெட் போய்விட்டது, புதுசே வாங்கிவிடுங்கள் என்கிறார். நிஜமாகவே போய்விட்டதா?"

பெரும்பாலும் போயிருக்காது. காய்ந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் ஏன் காய்கிறது, காய்ந்ததை எப்படி எடுப்பது, அவசரப்பட்டு எதைச் செய்யக் கூடாது என்பதெல்லாம் புரிய வேண்டுமென்றால் அந்த ஹெட்டுக்குள் என்ன நடக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. நம் வீட்டில் இருக்கும் பொருட்களிலேயே எனக்கு அதிக வியப்பைத் தருவது அதுதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்லப்போகிறேன்.

இங்க்ஜெட் பிரிண்டரில் காகிதத்தின் குறுக்கே ஓடும் பகுதிதான் பிரிண்ட் ஹெட். அதன் அடியில் வரிசை வரிசையாக நூற்றுக்கணக்கில் துளைகள். வீட்டு பிரிண்டரில் ஒரு துளையின் விட்டம் சுமார் 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). தலைமுடியே 50 முதல் 100 மைக்ரான் வரை தடிமன் என்பதால், ஒரு முடியைக்கூட உள்ளே நுழைக்க முடியாது. ஒவ்வொரு துளையிலிருந்தும் விழும் சொட்டின் அளவு சில பிகோலிட்டர்தான். ஒரு சொட்டு 4 பிகோலிட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு மில்லிலிட்டர் இங்க்கில் 25 கோடி சொட்டுகள் இருக்கின்றன. ஒரு துளை விநாடிக்குப் பல ஆயிரம் சொட்டுகளை உதிர்க்கிறது. ஒவ்வொன்றும் விழ வேண்டிய இடத்தில்தான் விழுகிறது.

இவ்வளவு சின்ன இடத்தில் இங்க்கை வெளியே தள்ளுவது எது? கேனானும் எச்.பி.யும் விற்கும் வகையில், ஒரு குமிழி.

துளைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, அந்த அறையின் சுவரில் ஒரு ஹீட்டர். மின்சாரம் அதில் ஓரிரு மைக்ரோ விநாடி, அதாவது விநாடியில் பத்து லட்சத்தில் ஓரிரு பங்கு மட்டும் பாய்கிறது. அதற்குள் ஹீட்டரைத் தொட்டுக்கொண்டிருக்கும் இங்க்கின் வெப்பம் 300 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடுகிறது. இங்க்கில் பெரும்பகுதி தண்ணீர்தானே, தண்ணீர் 100 டிகிரியில் கொதித்துவிடுமே என்று தோன்றும். அடுப்பில் வைத்தால் கொதிக்கும். அங்கே பாத்திரத்தின் அடியில் இருக்கும் நுண்ணிய கீறலிலும் அதில் ஒட்டிய காற்றிலும்தான் முதல் குமிழிகள் பிறக்கின்றன. எங்கே பிறக்கும், எவ்வளவு பெரிதாகும் என்று யாரும் சொல்ல முடியாது. ஹீட்டர் சுடும் வேகத்தில் அப்படிப் பிறக்க அவகாசமே கிடையாது. 100 டிகிரி கடந்துபோகிறது, 200 கடந்துபோகிறது, இன்னும் அது திரவமாகவே இருக்கிறது. 300ஐ ஒட்டி ஓர் எல்லை வருகிறது. அதற்கு மேல் திரவமாக நீடிக்கவே முடியாது. அந்த இடத்தில் கீறலும் தேவையில்லை, தூசியும் தேவையில்லை. ஹீட்டரின் முகம் முழுவதும் ஒரே கணத்தில் ஆவித் தகடாக மாறுகிறது.

இதில் என்னை மிகவும் கவர்வது அந்த வெடிப்பின் ஒழுங்கு. சாதாரணக் கொதிப்பு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதம். இந்த வெடிப்பு ஒவ்வொரு முறையும் அச்சு அசல் ஒன்றுபோல. முதல் சொட்டும் கோடியாவது சொட்டும் ஒரே அளவாக இருப்பது அதனால்தான். இன்னொன்றும் இருக்கிறது: அந்த ஓரிரு மைக்ரோ விநாடிக்குள் வெப்பம் இங்க்குக்குள் ஒரு மைக்ரான் ஆழம்கூடப் போவதில்லை. 300 டிகிரியைப் பார்ப்பது மெல்லிய ஒரு படலம் மட்டுமே. அறையில் உள்ள மீதி இங்க் சூடு தெரியாமலே வெளியேறிவிடுகிறது. குமிழிக்குள் முதலில் இருக்கும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போலப் பல பத்து மடங்கு. அது எதிரில் உள்ள இங்க்கைத் துளை வழியாகத் தள்ள, சொட்டு விநாடிக்குப் பத்து மீட்டர் அளவிலான வேகத்தில் காகிதத்தை நோக்கிப் பாய்கிறது. குமிழி விரிந்ததுமே குளிர்ந்து, சில பத்து மைக்ரோ விநாடிகளில் சுருங்கி மறைந்துவிடுகிறது. காலியான அறையை நிரப்பப் பம்ப் எதுவும் கிடையாது. நுண்குழாயில் நீர் தானாக ஏறும் என்று பள்ளியில் படித்தோமே, அதே விசை அடுத்த சொட்டுக்கான இங்க்கை இழுத்து வந்து வைக்கிறது. குமிழி சுருங்கும்போது ஹீட்டரின் மேல் விழும் அடி மிகப் பலமானது. அதைத் தாங்கத்தான் டாண்டலம் என்ற உலோகப் பூச்சு பூசியிருக்கிறார்கள்.

1977இல் கேனான் நிறுவனத்தின் இச்சிரோ எண்டோ, இங்க் நிரம்பிய ஊசியின் மேல் சூடான சால்டரிங் அயர்ன் தற்செயலாகப் பட்டதும் நுனியிலிருந்து இங்க் பீய்ச்சி அடித்ததைப் பார்த்தார். அதிலிருந்து பிறந்ததுதான் பபிள் ஜெட். ஏறக்குறைய அதே சமயத்தில் அமெரிக்காவில் எச்.பி.யின் ஜான் வாட் தனியாக அதே யோசனைக்கு வந்து சேர்ந்தார். 1984இல் எச்.பி. வெளியிட்ட திங்க்ஜெட் பிரிண்டரின் ஹெட்டில் இருந்தவை வெறும் 12 துளைகள். இரண்டு நிறுவனங்களும் பிறகு காப்புரிமைகளைப் பகிர்ந்துகொண்டன.

இன்னும் பின்னால் போனால், ஸ்வீடனின் ரூனே எல்ம்க்விஸ்ட் 1951இலேயே இதயத் துடிப்பைக் காகிதத்தில் பதிவு செய்ய இங்க்கைப் பீய்ச்சும் கருவிக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். 1958இல் ஒரு மனிதரின் உடலுக்குள் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட பேஸ்மேக்கரை உருவாக்கியவரும் அவரேதான். அவர் நம்பியிருந்த அறிவியல், குழாயிலிருந்து விழும் நீர்த்தாரை ஏன் சொட்டுச் சொட்டாக உடைகிறது என்று 1878இல் ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலி பிரபு எழுதியது. ரேலி பிரிண்டரை நினைத்து எழுதவில்லை, இதய நோயாளியை நினைத்தும் எழுதவில்லை. நீர் ஏன் உடைகிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார். ஆராய்ச்சி நிதிக்கு விண்ணப்பிக்கும் நம் ஊர் இளைஞர்களிடம் முதல் பக்கத்திலேயே இதனால் உடனடிப் பயன் என்ன என்று கேட்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காதது இதனால்தான். பயன் பின்னால் வரும், எழுபது ஆண்டு கழித்துக்கூட வரும். வேடிக்கை பார்க்கவும் பணம் ஒதுக்க வேண்டும்.

சரி, எப்சனுக்கும் பிரதருக்கும் வருவோம். இவற்றில் ஹீட்டரே இல்லை. மின்னழுத்தம் கொடுத்தால் இம்மியளவு வளையும் பீசோ பீங்கான் அறையின் சுவராக இருக்கிறது. அது உள்ளே அழுந்தும்போது இங்க் வெளியே போகிறது. அங்கே வேலை செய்த குமிழி இங்கே எதிரி. அறைக்குள் ஒரு காற்றுக் குமிழி புகுந்துவிட்டால், டிஸ்க் பிரேக் ஆயிலில் காற்று புகுந்த வண்டியின் லிவர் தொளதொளவென்று உள்ளே போவதைப் போல, சுவர் தரும் அழுத்தத்தையெல்லாம் காற்றே சுருங்கி வாங்கிக்கொள்ளும், துளையில் சொட்டு வராது. பார்ப்பதற்கு அடைப்பு மாதிரியேதான் இருக்கும். டேங்கில் இங்க் கீழ்க்கோட்டுக்குக் கீழே போக விடாதீர்கள், வீடு மாற்றும்போது பிரிண்டரைச் சாய்த்துத் தூக்காதீர்கள் என்று சொல்வதெல்லாம் இந்தக் காற்றுக்குப் பயந்துதான். குமிழி வகையில் ஆபத்து வேறு மாதிரி: இங்க் தீர்ந்த பிறகும் அச்சிட்டுக்கொண்டே இருந்தால் சூட்டை வாங்கிக்கொள்ள இங்க் இல்லாமல் ஹீட்டரே கருகிப்போகும். அப்படிக் கருகினால் அந்தத் துளையை எத்தனை முறை கழுவினாலும் மீட்க முடியாது.

இப்போது காய்வதைப் பார்ப்போம். இங்க் என்பது தண்ணீர், சீக்கிரம் காயாமல் இருக்க கிளைக்கால் போன்ற திரவம், அப்புறம் சாயம் அல்லது நிறமித் துகள். துளையின் வாயில் இங்க் காற்றைத் தொட்டுக்கொண்டே நிற்கிறது. தண்ணீர் ஆவியாக ஆவியாக அங்கே இருப்பது கெட்டியாகி, கடைசியில் ஒரு மூடியைப் போல வாயை அடைக்கிறது. குமிழியின் பலமெல்லாம் ஓடும் இங்க்கைத் தள்ளத்தான் போதும். மே மாத வெயிலில் மூடிய அறையில் இரண்டு மாதம் கிடந்தால் இது நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இதைத் தடுக்க பிரிண்டருக்குள்ளேயே ஒரு ஏற்பாடு உண்டு. மேல் மூடியைத் திறந்து பார்த்தால், பெரும்பாலும் வலது ஓரத்தில், சின்ன ரப்பர் விளிம்பு வைத்த தொட்டி தெரியும், பக்கத்தில் துடைக்க ஒரு ரப்பர் பட்டை. வேலை முடிந்ததும் ஹெட் அங்கே போய் உட்காரும், ரப்பர் துளைகளை இறுக மூடிக்கொள்ளும். ஆனால் பிரிண்டரில் இருக்கும் பட்டனை அழுத்தி அணைத்தால்தான் அது ஒழுங்காகப் போய் உட்காரும் என்று நம்பலாம். நம் வீடுகளில் பலரும் செய்வது சுவரில் இருக்கும் ஸ்விட்சைத் தட்டுவது, அல்லது கம்ப்யூட்டரோடு சேர்த்து யுபிஎஸ்ஸையே அணைப்பது. ஹெட் நடுவழியில் நின்றிருந்தால் இரவு முழுக்க ஃபேன் காற்றில் காய்கிறது. இந்த ஒரு பழக்கத்தை மாற்றினாலே பாதித் தொல்லை குறையும்.

அடைத்துவிட்டால் முதலில் பிரிண்டர் மெனுவில் இருக்கும் நாசில் செக் என்ற சோதனைத் தாளை எடுங்கள். படிக்கட்டு மாதிரி சின்னச் சின்னக் கோடுகள் வரும். எந்தப் படி விடுபட்டிருக்கிறதோ அந்தத் துளை சொட்டு போடவில்லை. பிறகு ஒரு ஹெட் கிளீனிங், மறுபடி நாசில் செக். முன்னேற்றம் தெரிந்தால் இன்னொரு முறை. அதற்குப் பிறகும் வரவில்லை என்றால் நிறுத்திவிட்டு ஓர் இரவு விடுங்கள். கோபத்தில் பத்து முறை கிளீனிங் கொடுப்பதால் பலன் இல்லை, ஏனென்றால் காய்ந்த மூடியை நனைத்து இளக்குவது பின்னால் வந்து நிற்கும் புது இங்க், அதற்கு மணிக்கணக்கில் நேரம் வேண்டும். கிளீனிங் என்பது அந்த ரப்பர் தொட்டி வழியாக இங்க்கை உறிஞ்சிக் கொட்டுவதுதான், துளைக்குள் யாரும் போய்த் தேய்ப்பதில்லை. அப்படி உறிஞ்சியது உங்கள் பிரிண்டருக்கு அடியில் இருக்கும் ஒரு பஞ்சில் போய்ச் சேர்கிறது. அது நிறைந்துவிட்டதாகக் கணக்கு வந்ததும் பிரிண்டர் அச்சிட மறுக்கும். கடையில் ரீசெட் மட்டும் போட்டுத் தருவார்கள். பஞ்சையும் மாற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஒருநாள் மேஜையில் இங்க் ஓடும்.

உங்களுடையது ஹெட்டும் சேர்ந்தே வரும் சின்ன கார்ட்ரிட்ஜ் என்றால் இன்னொரு வழி உண்டு. டிஷ்யூ பேப்பரை நான்காக மடித்து வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, துளைகள் உள்ள முகத்தை அதன் மேல் ஓரிரு நிமிடம் வையுங்கள். எடுத்துப் பார்த்தால் டிஷ்யூவில் மூன்று நிறமும் தனித்தனிப் பட்டையாக இறங்கியிருக்கும்; எந்தப் பட்டை வெளிறி இருக்கிறதோ அங்கேதான் அடைப்பு. குழாய்த் தண்ணீர் வேண்டாம். நம் போர்வெல் தண்ணீரில் இருக்கும் உப்பு காய்ந்தால் அதுவே புது அடைப்பு. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் போதும். நெயில் பாலிஷ் ரிமூவர் ஊற்றச் சொல்லும் வீடியோக்களை நம்பவே நம்பாதீர்கள், அதில் இருக்கும் அசிட்டோன் பிளாஸ்டிக்கையும் பசையையும் கரைக்கும். அப்படியே இன்னொன்று: ஆயுத பூஜைக்குப் பொட்டு வைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் பேப்பர் ட்ரேயைத் திறந்து வைத்துக்கொண்டு மேலே குங்குமமும் அட்சதையும் தூவினால் அவை உள்ளே போய் ரோலரிலும் அந்த ரப்பர் விளிம்பிலும் ஒட்டும், அப்புறம் மூடி இறுக மூடாது.

இங்க் விலையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிரிண்டரைக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டு கார்ட்ரிட்ஜில் சம்பாதிக்கும் வியாபாரம் வாடிக்கையாளருக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன். வேறு இங்க் நிரப்பினால் சிப்பைப் பார்த்து மறுக்கும் பிரிண்டர், நாம் காசு கொடுத்து வாங்கிய பிறகும் நம்முடையதாக இல்லை. 2017இல் லெக்ஸ்மார்க் என்ற பிரிண்டர் நிறுவனம் தொடர்பான டோனர் (லேசர் பிரிண்டரின் மைப்பொடி) கார்ட்ரிட்ஜ் வழக்கில், ஒரு பொருளை விற்றுவிட்ட பிறகு காப்புரிமையைக் காட்டி வாங்கியவரைக் கட்டுப்படுத்த முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜெராக்ஸ் கடைகளில் பிரிண்டர் பக்கத்தில் நான்கு பாட்டிலைத் தொங்கவிட்டு டியூப் போட்டு ஓட்டியதைப் பார்த்திருப்பீர்கள். இந்தோனேசியாவில் அந்தப் பழக்கம் பரவிக்கிடந்ததைக் கண்டுதான் எப்சன் 2010இல் அங்கே முதன்முதலாக டேங்க் பிரிண்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று வீட்டில் டேங்க் வைத்திருப்பவர்கள் அந்த டியூப் போட்ட கடைக்காரர்களுக்கு நன்றி சொல்லலாம்.

கேள்வி கேட்டவர் இன்று இரவு ஒரு கிளீனிங் கொடுத்து அப்படியே விட்டுவிட்டு, காலையில் நாசில் செக் எடுத்துப் பார்க்கட்டும். நீலம் ஒரு படியாவது வந்தால் ஹெட் உயிரோடு இருக்கிறது. அதன் பிறகு வாரம் ஒருமுறை, எல்லா நிறமும் உள்ள ஒரு பக்கத்தை அச்சிட்டுவிட வேண்டும். நாசில் செக் தாளே போதும், அதற்கு ஆகும் இங்க் மிகச் சொற்பம். ஆண்டுக்கு நாலைந்து முறை ஹால் டிக்கெட்டும் ஆதார் நகலும் எடுப்பதுதான் மொத்த உபயோகம் என்பவர்கள், அடுத்த முறை வாங்கும்போது கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டரைப் பாருங்கள். அதில் இருப்பது பொடி. ஆறு மாதம் கழித்துப் போட்டாலும் முதல் பக்கமே சுத்தமாக வரும்.