ஒற்றை டிக்கோடு நின்றுபோகும் மெசேஜ்

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம், பெங்களூர் அல்சூரில் இருக்கும் எங்கள் போன் சர்வீஸ் கடைக்கு ஒரு அக்கா வந்தார். மர்ஃபி டவுனில் குடியிருக்கிறார், தையல் வேலை. போனில் ஒரு கோளாறும் இல்லை, அம்மாவுக்கு அனுப்பும் மெசேஜ் மட்டும் போய்ச் சேரவில்லை என்றார். அம்மா இருப்பது வாணியம்பாடி பக்கம் ஒரு கிராமத்தில். கண் ஆபரேஷனுக்கு வியாழன் காலை ஏழு மணிக்கு வரவேண்டும், பழைய சீட்டுகளை எடுத்து வரவேண்டும் என்று மகள் எழுதியிருக்கிறார். அம்மாவுக்குக் காது மந்தம். போனில் கத்திச் சொன்னாலும் பாதிதான் கேட்கும். அதனால் முக்கியமானதை எல்லாம் எழுதித்தான் அனுப்புவார்.

"மூணு தடவ அனுப்பிட்டேண்ணா. ஒண்ணுகூட வரலங்குது."

போனை வாங்கிப் பார்த்தேன். மூன்று மெசேஜுக்கும் கீழே ஒரே ஒரு டிக். அதற்கு முந்தைய வாரம் அனுப்பியவற்றில் எல்லாம் இரண்டு டிக். எழுதும் பெட்டியில் மங்கலான எழுத்தில் 'ஆர்.சி.எஸ். மெசேஜ்' என்று இருந்தது. அம்மாவின் போனைப் பற்றிக் கேட்டேன். பழைய டச் போன் கீழே விழுந்து உடைந்துவிட்டது, நான்கு நாளாக சிம்மைப் பட்டன் போனில் போட்டிருக்கிறார் என்றார். சிக்கல் அங்கேதான் இருந்தது.

இந்த மாதிரி ஆட்கள் வாரத்துக்கு இரண்டு மூன்று பேராவது வருகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். மெசேஜ் என்றால் எஸ்.எம்.எஸ். என்றே நாம் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்தப் பெட்டிக்குள் இப்போது இரண்டு பாதைகள் இருக்கின்றன.

எஸ்.எம்.எஸ். பழைய பாதை. 1992 டிசம்பர் 3 அன்று பிரிட்டனில் முதல் எஸ்.எம்.எஸ். போனது. அது டவர் சிக்னல் வழியாகப் போகும், நெட் வேண்டாம். ஒரு மெசேஜுக்கு 140 பைட் இடம்தான். ஆங்கிலத்தில் எழுதினால் 160 எழுத்து அடங்கும், தமிழில் 70. அந்த எழுபதும் நாம் எண்ணுகிற மாதிரி இல்லை. 'நாளை காலை வருகிறேன்' என்பதில் நம் கணக்குக்கு ஒன்பது எழுத்து. போனோ துணைக்காலையும் கொம்பையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணும், இடைவெளியையும் சேர்க்கும். மொத்தம் 19 ஆகிவிடும். எழுபதைத் தாண்டினால் மெசேஜ் துண்டாகும், ஒரு துண்டுக்கு 67 இடம். ஆங்கில மெசேஜில் ஒரே ஒரு இமோஜி போட்டாலும் 160 என்பது 70 ஆகிவிடும். 'ஒரு நாளைக்கு நூறு எஸ்.எம்.எஸ். இலவசம்' என்ற பேக்கில் ஒவ்வொரு துண்டும் ஒரு எஸ்.எம்.எஸ்.தான். பொங்கலன்று எல்லோருக்கும் நீளமாகத் தமிழில் வாழ்த்து அனுப்புகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்.சி.எஸ். என்பது புதிய பாதை. இது நெட் வழியாகப் போகும். எழுத்துக் கணக்கு கிடையாது, படம் மங்காது, எதிரில் இருப்பவர் டைப் செய்வது தெரியும், படித்ததும் தெரியும். 2016-இல் இதற்கு உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரு வரையறை வந்தது. ஆப்பிள் 2024 செப்டம்பரில் ஐ.ஓ.எஸ். 18 என்ற ஐபோன் மென்பொருள் வழியாக இதை ஏற்றுக்கொண்டது. ஐபோனில் இது வேலை செய்ய உங்கள் சிம் கம்பெனியும் இதற்கு வழி விட்டிருக்க வேண்டும். செட்டிங்ஸில் மெசேஜஸ் பகுதிக்குள் 'ஆர்.சி.எஸ். மெசேஜிங்' என்ற வரியே இல்லை என்றால், முதலில் ஐ.ஓ.எஸ்.ஸை அப்டேட் செய்து பாருங்கள். அதற்குப் பிறகும் வரவில்லை என்றால் சிம் கம்பெனியைத்தான் கேட்கவேண்டும்.

ஆண்ட்ராய்டில் போடுவது சுலபம். கூகுள் மெசேஜஸ் செயலியைத் திறந்து, வலது பக்க மேல் மூலையில் இருக்கும் உங்கள் படத்தைத் தொட்டு, மெசேஜஸ் செட்டிங்ஸ், அதற்குள் ஆர்.சி.எஸ். சாட்ஸ். 'கனெக்டட்' என்று வந்தால் முடிந்தது. பலருக்கு அங்கே நம்பரைச் சரிபார்ப்பதாகச் சொல்லி மணிக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும். கடையில் நான் பார்க்கிற வரிசையைச் சொல்கிறேன். முதலில் அந்தச் செயலிதான் டிஃபால்ட் மெசேஜ் செயலியா என்று பார்ப்பேன். போன் கம்பெனியே கொடுத்த வேறொரு மெசேஜ் செயலி அந்த இடத்தில் இருந்தால் இது நகராது. அப்புறம் தேதியும் நேரமும் ஆட்டோமேட்டிக்கில் இருக்கிறதா என்று பார்ப்பேன். அடுத்து வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் விடுவேன், பாதிப் பேருக்கு இதிலேயே சரியாகிவிடும். இன்னும் நின்றால் பிளே ஸ்டோரில் 'கேரியர் சர்வீசஸ்' என்பதை அப்டேட் செய்து, ஆப் செட்டிங்ஸில் அதன் ஸ்டோரேஜை மட்டும் கிளியர் செய்து, போனை ஒருமுறை அணைத்துப் போடுவேன். அதில் உங்கள் பழைய மெசேஜ் எதுவும் அழியாது, பயப்பட வேண்டாம்.

பெங்களூரில் நம் ஆட்கள் பெரும்பாலானோரிடம் இரண்டு சிம் இருக்கும், ஊர் நம்பர் ஒன்று, இங்கே வாங்கியது ஒன்று. ஊர் நம்பரை ரீசார்ஜ் செய்யாமல் பெயருக்கு வைத்திருப்பார்கள். நம்பரைச் சரிபார்க்கும்போது போன் எஸ்.எம்.எஸ்.ஸைப் பயன்படுத்தும். வேலிடிட்டி முடிந்த சிம்மில் அது எப்படி நடக்கும்? யு.பி.ஐ. செயலியில் நம்பர் பதிவாகவில்லை என்று வருகிறவர்களுக்கும் காரணம் இதேதான். ஐபோனில் ஐமெசேஜும் (ஆப்பிளின் சொந்த மெசேஜ் வசதி) முதல் தடவை உங்களுக்குத் தெரியாமல் ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பித்தான் நம்பரைப் பதிவு செய்யும். அது வெளிநாட்டு எஸ்.எம்.எஸ். ஆகப் போவதால் மெயின் பேலன்ஸ் இல்லாத ப்ரீபெய்டு சிம்மில் மாட்டிக்கொள்ளும். சின்னதாக ஒரு டாப்-அப் போட்டுவிட்டு மறுபடி ஆன் செய்து பாருங்கள்.

சிம் தொலைந்து புதிதாக வாங்கியவர்களுக்கும், சிம்மை இ-சிம் ஆக்கியவர்களுக்கும் ஒன்று. சிம் மாறிய முதல் 24 மணி நேரத்துக்கு எஸ்.எம்.எஸ். வராது, போகாது. திருடன் உங்கள் பெயரில் டூப்ளிகேட் சிம் எடுத்து ஓ.டி.பி. வாங்கிவிடக் கூடாது என்பதற்காகத் தொலைத்தொடர்புத் துறை வைத்த கட்டுப்பாடு அது. அந்த ஒரு நாளில் போனை ரீசெட் செய்துவிட்டு, போட்டோ எல்லாம் போய் அழுதுகொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் பொறுங்கள், தானாக வரும்.

சரி, அந்த அக்காவின் கதைக்கு வருகிறேன். அம்மாவின் நம்பர் உடைந்த டச் போனில் ஆர்.சி.எஸ்.ஸில் பதிவாகியிருந்தது. சிம்மைக் கழற்றினாலும் அந்தப் பதிவு உடனே அழியாது, சில நாள் இருக்கும். அதுவரை மகளின் போன் புதிய பாதையிலேயே மெசேஜை அனுப்பிக்கொண்டிருக்கும். அதைத் திறந்து வாங்கிக்கொள்ள அந்தப் பக்கம் போன் இல்லை. ஒற்றை டிக் என்றால் இங்கிருந்து கிளம்பியது என்று அர்த்தம், இரட்டை டிக் என்றால் அந்தப் போனில் சேர்ந்தது. பட்டன் போனுக்கு எஸ்.எம்.எஸ். மட்டும்தான் தெரியும்.

இதற்கென்றே கூகுள் ஒரு இணையப் பக்கம் வைத்திருக்கிறது. அதில் நம்பரைக் கொடுத்தால் அந்த நம்பருக்கு எஸ்.எம்.எஸ்.ஸில் ஆறு இலக்கக் குறியீடு வரும், அதைப் போட்டால் பதிவு நீங்கிவிடும். பழைய போன் கையில் இல்லாதவர்களுக்கு அதுதான் வழி. நம்பரைப் போட்டோம். குறியீடு அம்மாவின் பட்டன் போனுக்குப் போனது. மகள் ஸ்பீக்கரில் போட்டு, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி, "வந்த நம்பர படிம்மா" என்று கேட்டார்.

"யாரு கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு நீதானடி சொன்ன? நீதான் பேசுறியான்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

எவ்வளவு கேட்டும் அம்மா சொல்லவில்லை. மகளுக்கு முகம் சிவந்துவிட்டது. நான்தான் நிறுத்தினேன். "விடுங்கக்கா, அம்மா செய்யறதுதான் சரி" என்றேன். காது கேட்காத, தனியாக இருக்கிற ஒரு வயதான பெண்ணுக்கு அந்தப் பழக்கம் ஊறியிருப்பது பெரிய விஷயம். ஒரு மெசேஜுக்காக அதை நாமே உடைக்கக் கூடாது. வேறு வழி இருந்தது. அம்மாவோடு பேசும் அந்த உரையாடலைத் திறந்து, அதன் விவரங்களுக்குள் போனால் 'எஸ்.எம்.எஸ்., எம்.எம்.எஸ். மட்டும் அனுப்பு' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதை ஆன் செய்தோம். பெட்டியில் இருந்த ஆர்.சி.எஸ். என்ற சொல் மறைந்தது. மறுபடி அனுப்பினார். ஐந்து நிமிஷத்தில் அம்மாவே கூப்பிட்டு, "வியாழக்கெழம ஏழு மணி, சீட்டு எடுத்தாரணும், அதானே?" என்றார்.

பெற்றோர் பட்டன் போனிலோ, நெட் நிற்காத ஊரிலோ இருந்தால் அவர்கள் உரையாடலுக்கு இந்த சுவிட்சை இன்றைக்கே போட்டுவிடுங்கள். மற்றவர்களுக்கு ஆர்.சி.எஸ். செட்டிங்ஸில் மெசேஜ் போகவில்லை என்றால் தானாக எஸ்.எம்.எஸ். ஆக அனுப்பும் வசதி இருக்கும், அதையும் ஆன் செய்யலாம். போனை விற்கிறீர்கள், மாற்றுகிறீர்கள் என்றால் சிம்மைக் கழற்றுவதற்கு முன்னால் ஆர்.சி.எஸ்.ஸை ஆஃப் செய்யுங்கள். ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு வருகிறவர்கள் ஐமெசேஜையும் ஆஃப் செய்யவேண்டும். இல்லாவிட்டால் ஐபோன் வைத்திருக்கும் நண்பர்கள் அனுப்புவது உங்களுக்கு வராமலே போகும், அவர்களோ நீங்கள் பதில் போடவில்லை என்று வருத்தப்படுவார்கள். ஐபோன் கைவிட்டுப் போன பிறகு நினைவு வந்தால், ஆப்பிளும் இதே மாதிரி பதிவை நீக்கும் பக்கம் வைத்திருக்கிறது.

புதிய பாதையில் நல்லது வருகிற மாதிரி கெட்டதும் வரும். எஸ்.எம்.எஸ்.ஸில் ஃபைல் அனுப்ப முடியாது, ஆர்.சி.எஸ்.ஸில் முடியும். டிராஃபிக் ஃபைன், கல்யாணப் பத்திரிகை, வங்கி கே.ஒய்.சி. என்று பெயர் போட்டு 'ஏ.பி.கே.' என முடிகிற ஃபைல் வந்தால் தொடவே தொடாதீர்கள். அதை இன்ஸ்டால் செய்தால் உங்களுக்கு வரும் ஓ.டி.பி. எல்லாவற்றையும் அடுத்தவன் படிப்பான். வங்கி, அரசு மெசேஜ்கள் எஸ்.எம்.எஸ்.ஸில் வரும்போது அனுப்புகிறவர் பெயரின் கடைசியில் ஒரு கோடும் ஓர் எழுத்தும் இருக்கும். 2025-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டு வந்த முறை இது. 'பி' (P) என்றால் விளம்பரம், 'எஸ்' (S) சேவை, 'டி' (T) பரிவர்த்தனை, 'ஜி' (G) அரசு. பத்து இலக்க சாதாரண நம்பரிலிருந்து வங்கி மெசேஜ் அனுப்பாது. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அடியுங்கள்.

இன்னொன்றும் பார்த்துவிடுங்கள். மெசேஜஸில் உங்கள் படத்தைத் தொட்டால் 'டிவைஸ் பேரிங்' என்று இருக்கும். கம்ப்யூட்டரில் மெசேஜ் படிக்க நல்ல வசதி. ஆனால் யாராவது ஒரு நிமிஷம் உங்கள் போனை வாங்கி அவர்கள் லேப்டாப்போடு சேர்த்துவிட்டால், உங்கள் ஓ.டி.பி. அங்கேயும் தெரியும். அந்தப் பட்டியலில் உங்களுக்குத் தெரியாத கம்ப்யூட்டர் இருந்தால் உடனே நீக்குங்கள். பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரும் அதில் சேர்த்திதான்.

ஞாயிற்றுக்கிழமை அந்த அக்கா வாணியம்பாடி போய், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, அவர் வாயாலேயே குறியீட்டைப் படிக்கச் சொல்லிப் பதிவை நீக்கிவிட்டு வந்தார். ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது. பட்டன் போனில் எழுத்து ரொம்பச் சின்னதாக இருக்கிறதாம், பெரிசாக்க முடியுமா என்று கேட்டு அடுத்த தடவை போனையே எடுத்துவரப் போகிறார்.