நடக்க ஒரு ஜக்கெட், நிற்க ஒரு ஜக்கெட்

கனடாவின் எட்மன்டனுக்குப் படிக்கப் போகிற மருமகனோடு போன மாதம் புறக்கோட்டையில் குளிர் ஜக்கெட் தேடி அலைந்தேன். கொழும்பு வெயிலில் இருவருக்கும் வியர்த்து ஊற்றுகிறது. அவன் கையில் எடுத்ததெல்லாம் தடிப்பானவை. "மாமா, இதைப் பாருங்கோ, மெத்தை மாதிரி இருக்கு. இது ஒன்று காணும்தானே?" காணாது. ஏன் காணாது என்பதை அந்த நெரிசலில் நின்று சொல்லி முடிக்க முடியவில்லை.

ஜக்கெட்டுக்குச் சொந்தமாகச் சூடு கிடையாது. மீன்காரரின் ரிஜிபோம் பெட்டி ஐஸை உருகாமல் வைத்திருக்கிறது. அதே பெட்டியில் சோற்றுப் பார்சலை வைத்தால் அது ஆறாமல் இருக்கும். வெப்பம் போகிற வழியை மறிப்பதுதான் அதன் வேலை. மறிப்பது பெட்டியின் பிளாஸ்டிக்கை விட, அதற்குள் சின்னச் சின்ன அறைகளாக அடைபட்டிருக்கும் காற்று. அசையாத காற்றைப் போல வெப்பத்தை மெதுவாகக் கடத்துகிற பொருள் நம்மைச் சுற்றி அதிகம் இல்லை. தண்ணீரோ காற்றை விட ஏறத்தாழ 24 மடங்கு வேகமாகக் கடத்தும்.

ஆகவே நல்ல குளிர் உடுப்பு என்றால் காற்றை அசையாமல் பிடித்து வைக்கிற உடுப்பு. நோர்வே இராணுவ அதிகாரி ஹென்ரிக் புருன் 1933 இல் மீன்பிடி வலையில் உள்சட்டை தைத்துப் பார்த்தார். வலைக் கண்களில் தங்கிய காற்று சூட்டைக் காத்தது, வியர்வையும் அந்தக் கண்களின் வழியே வெளியேறியது. நம் வீட்டு இலவம் பஞ்சுத் தலையணையிலும் இதே காற்றுதான் இருக்கிறது. இலவ இழை ஒவ்வொன்றும் உள்ளே வெறுங்குழாய்.

சரி, அப்படியானால் தடிப்பான ஜக்கெட்டே போதும்தானே? இங்கேதான் வியர்வை குறுக்கே வருகிறது.

சும்மா உட்கார்ந்திருக்கும் உடல் ஏறத்தாழ 100 வாற்று வெப்பத்தை உண்டாக்கும். முதுகில் சுமையோடு மேடேறும் சிப்பாயின் உடல் அதைப் போல நாலைந்து மடங்கு உண்டாக்கும். உடுப்பின் வெப்பக் காப்பை அளக்க 1941 இல் 'குளோ' என்றொரு அலகை வகுத்தார்கள். 21 பாகை அறையில் அமைதியாக உட்கார்ந்திருப்பவருக்கு இதமாக இருக்கும் உடுப்பு 1 குளோ. தோராயமாகக் கணக்குப் போட்டால், மறை 20 பாகைக் குளிரில் அசையாமல் காவல் நிற்பவனுக்கு 7, 8 குளோ வேண்டும். அதே இடத்தில் மூட்டையோடு நடப்பவனுக்கு 2 குளோ போதும். ஒரே ஆள், ஒரே குளிர், ஆனால் தேவை நாலு மடங்கு மாறுகிறது. நிற்பதற்கான ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு நடந்தால் உள்ளே வியர்த்து நனையும். பிறகு நிற்கும்போது அந்த ஈரம் ஆவியாகும். 100 மில்லிலீற்றர் வியர்வை ஆவியாவதற்கு, சும்மா இருக்கும் உடல் 40 நிமிடம் உண்டாக்கும் வெப்பம் அவ்வளவும் செலவாகும். குளிரில் நிற்பவனிடம் அவ்வளவு மிச்சம் இல்லை.

இரண்டாம் உலகப் போரில் சோவியத் வீரர்கள் போட்டது பருத்திப் பஞ்சு வைத்துத் தைத்த சட்டை. காய்ந்திருக்கும்வரை அருமையானது. நனைந்தால் பருத்தி தண்ணீரைக் குடித்துப் பாரமாகிவிடும். அமெரிக்க இராணுவத்தின் எம்-65 ஜக்கெட்டில் பொத்தான் போட்டு மாட்டுகிற மெத்தை உள்ளுறை வந்தது. தேவைப்படாதபோது கழற்றலாம். நல்ல யோசனைதான், ஆனால் பனியில் நின்று வெளிச்சட்டையைக் கழற்றாமல் உள்ளுறையை எடுக்க முடியாது.

அந்த இராணுவத்தின் மூன்றாம் தலைமுறைக் குளிர் உடுப்புத் தொகுதி இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்க்கிறது. அதில் ஏழு படிகள், 12 உடுப்புகள். தோலை ஒட்டிய மெல்லிய உள்ளாடை முதல் காற்றுத்தடுப்பு, மழைத்தடுப்பு வரை தனித்தனி. எனக்குப் பிடித்தவை மூன்றாவதும் ஏழாவதும். இரண்டும் சூட்டைக் காக்கிற ஜக்கெட்டுகள்தான், ஆனால் நேர் எதிரானவை. மூன்றாவது, புசுபுசுவென்ற செயற்கை இழைத் துணியான பிளீஸ். அதில் வாயை வைத்து ஊதினால் மூச்சு மறுபக்கம் போகும். அதுதான் அதன் குறை, அதன் பலமும் அதுவே. காற்றடித்தால் தனியே நின்று தாங்காது, மேலே ஒரு மெல்லிய காற்றுத்தடுப்பு வேண்டும். ஆனால் நடக்கும்போது வியர்வை ஆவி தடையில்லாமல் வெளியேறும். ஏழாவது, செயற்கை இழை நிரப்பிய பெரிய பார்க்கா, அதாவது தலைமூடியுள்ள குளிர் அங்கி. குண்டு துளைக்காத கவசத்துக்கும் மேலாகப் போடும்படி தொளதொளவென்று தைத்திருப்பார்கள். நின்றவுடன், உடம்புச் சூடு இறங்குமுன், எதையும் கழற்றாமல் எல்லாவற்றுக்கும் மேலே போட்டுக்கொள்வது. கிளம்பும்போது கழற்றி மூட்டைக்குள் வைப்பது.

அந்தப் பார்க்காவுக்கு ஏன் வாத்தின் தூவியை, அதாவது மெல்லிய உள்ளிறகை, வைக்கவில்லை என்று கேட்கலாம். காய்ந்த குளிரில், எடைக்கு எடை தூவியை வெல்ல எதுவும் இல்லை என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் நனைந்த தூவி கோழிக்குஞ்சு நனைந்த மாதிரி ஒட்டிக்கொள்ளும். உப்பல் போனால் காற்றும் போயிற்று. பொலியெஸ்டர் இழை தண்ணீரை உறிஞ்சாது, நனைந்தாலும் ஓரளவு உப்பி நிற்கும், பிழிந்து போட்டால் சீக்கிரம் காயும். 1980களில் பிரைமாலொப்ட் என்ற இழை அமெரிக்க இராணுவத்துக்காக உருவானதே இந்தக் காரணத்தால்தான்.

கடையில் மருமகனுக்குக் காட்டியது இரண்டு விஷயம். ஜக்கெட்டின் நெஞ்சுப் பகுதியை உள்ளங்கையால் அமுக்கிவிட்டு எடுத்தேன். அவன் தெரிவு செய்த தடிப்பானது அமுங்கியபடியே கிடந்தது. பக்கத்தில் தொங்கிய மெல்லியது உடனே எழும்பியது. பிறகு தையல் வரிகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். நூல் இறங்குகிற இடத்தில் இரண்டு துணியும் ஒட்டிக்கொள்கின்றன. அங்கே இழை நசுங்கி, வரிசையாகக் குளிர் நுழைய வழியாகிவிடுகிறது. புத்தகப் பையின் பட்டி அழுத்துகிற தோளிலும் இதுதான் நடக்கும்.

கடைசியில் இரண்டு விதமாக வாங்கினோம். பஸ்ஸுக்கு ஓடும்போது போட ஒரு பிளீஸும் மெல்லிய காற்றுத்தடுப்பும், பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது அவற்றுக்கு மேலே போட ஓர் அளவு பெரிய பார்க்காவும். பெட்டியில் இடமில்லை என்று அவனுடைய அம்மா பார்க்காவைச் சுருட்டிக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறார். போய் இறங்கியதும் முதல் வேலையாக அதை அவிழ்த்து, நன்றாக உதறி, ஓர் இரவு தொங்கவிடச் சொல்லியிருக்கிறேன்.