பாரலலிசம்: தமிழில் பொருளிணை

"வானங்கள் தேவனுடைய மகிமையை வெளிப்படுத்துகிறது, ஆகாயவிரிவு அவருடைய கரங்களின் கிரியையை அறிவிக்கிறது." பைபிளின் பழைய ஏற்பாட்டில் 19ஆம் சங்கீதம் இப்படித்தான் தொடங்குகிறது. வானங்களுக்கு ஆகாயவிரிவு, மகிமைக்குக் கிரியை, வெளிப்படுத்துவதற்கு அறிவிப்பது. சொன்னதையே ஏன் திரும்பச் சொல்ல வேண்டும்? எபிரெயப் பாட்டு நிற்பதே இந்த ஜோடியில்தான். இதற்குப் பெயர் பாரலலிசம்.

கிரேக்கத்தில் 'பாரா' என்றால் பக்கத்தில். 'அல்லேலோன்' என்றால் ஒன்றுக்கொன்று. இணைகோடுகளுக்கு வழங்கும் இந்தச் சொல்லை எபிரெயப் பாட்டுக்கு நிலைக்கச் செய்தவர் ராபர்ட் லவுத் (1710–1787). வின்செஸ்டரில் பிறந்தவர், 1741இல் ஆக்ஸ்ஃபோர்டில் கவிதைப் பேராசிரியரானார். அங்கே எபிரெயரின் புனிதக் கவிதை பற்றி லத்தீனில் ஆற்றிய 34 உரைகள் 1753இல் நூலாக வந்தன. இடைக்கால யூத உரையாசிரியர்களும் இந்த இரட்டிப்பைக் கண்டவர்கள்தான். ஆனால் அதை வகைப்படுத்தி, கவிதையின் அடிப்படையாகவே காட்டியது லவுத். முதல் வரியின் பொருளையே வேறு சொல்லில் சொல்வது ஒரு வகை, எதிர்ப்பொருளை வைப்பது இன்னொன்று, கருத்தை மேலே கொண்டுபோவது மூன்றாவது.

அப்புறம் அவர் ஆங்கிலிக்கன் திருச்சபையில் பேராயரானார். 1777இல் லண்டன் பேராயர். மறு ஆண்டே பழைய ஏற்பாட்டின் ஏசாயா நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். 1783இல் அந்தத் திருச்சபையின் மிக உயர்ந்த பதவியான கேன்டர்பரியின் தலைமைப் பேராயர் பதவி தேடி வந்தது. வேண்டாம் என்றுவிட்டார். எனக்கு அவர்மேல் மதிப்பு கூடிய இடம் அது.

சரி, தமிழில் என்ன சொல்வது? வெறுமனே 'இணை' என்றால் குழப்பம் வரும். யாப்பில் இணைமோனை, இணையெதுகை ஏற்கெனவே உண்டு, அவை ஓரடிக்குள் முதலிரு சீர்களைப் பற்றியவை. 'கருத்திணை' என்று எழுதினால் கண் 'திணை' என்று படித்துவிடும். 'பொருளிணை' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. இங்கே ஜோடி சேர்வது ஓசை அல்ல, பொருள். அதனால்தான் இது மொழி தாண்டியும் பிழைக்கிறது. மோனையை மொழிபெயர்க்க முடியாது, பொருளிணையை முடியும். எதிர்ப்பொருள் வகை, சொல்லையோ பொருளையோ எதிரெதிராகத் தொடுக்கும் நம் முரண்தொடைக்கு நெருங்கிய உறவு.

லவுத் மொழிபெயர்த்த ஏசாயாவின் முதல் அதிகாரத்திலேயே, தமிழில் வாசித்தாலும், அதே பொருளைத் திரும்பச் சொல்வது, எதிர்ப்பொருளை வைப்பது என்ற இரண்டு வகையும் ஒரே வசனத்தில் கேட்கிறது (முன்னணை என்றால் மாட்டுக்குத் தீவனம் வைக்கும் தொட்டி): "மாடு தன் எஜமானனையும், கழுதை தன் ஆண்டவனின் முன்னணையையும் அறியும்; இஸ்ரவேலோ அறிவில்லாமலும், என் ஜனம் உணர்வில்லாமலும் இருக்கிறது."