மட்கிய மதிலை ஆணி வைத்துப் படிப்பது

கி.மு. 52-இல் அவாரிக்கம் நகரை (இன்றைய பிரான்சின் பூர்ஜ்) முற்றுகையிட்ட ஜூலியஸ் சீசர், ஐரோப்பாவின் பழங்குடிகளான கெல்ட் மக்களின் மதிலை ஒரு மேஸ்திரியின் கண்ணோடு விவரித்திருக்கிறார். உத்திரங்களைத் தரையில், மதிலின் முகப்புக்குக் குறுக்காக, இரண்டடிக்கு ஒன்றாகப் படுக்க வைக்கிறார்கள். உட்பக்கம் அவற்றைப் பிணைத்து மண்ணைக் கொட்டுகிறார்கள். முகப்பில் தெரியும் இடைவெளிகளைப் பெருங்கற்களால் அடைக்கிறார்கள். அடுத்த அடுக்கின் உத்திரங்கள் மரத்தின் மேல் படாமல் கல்லின் மேல் அமர்கின்றன. சாந்து கிடையாது. சேர்த்துப் பிணைத்த மரங்களின் நீளம் 40 ரோமானிய அடி, அதாவது ஏறக்குறைய 12 மீட்டர்.

தீயைக் கல் தடுக்கும், மதிலை இடித்துத் தகர்க்கும் பொறியின் அடியை மரம் தாங்கும் என்பது சீசரின் கணிப்பு. அது சரிதான். உத்திரங்களின் முனை மட்டுமே வெளியே தெரிகிறது. மண்ணுக்குள் காற்று இல்லாததால் தீ உள்ளே போகாது. ஒரு மரத்தைப் பிடுங்க வேண்டுமானால் அதன் மேல் ஏறி நிற்கும் மண்ணையும் சேர்த்து அசைக்க வேண்டும். சீசரே இந்த மதிலை உடைத்து நுழையவில்லை; 25 நாளில் 80 அடி உயரத்துக்கு மேடை எழுப்பித்தான் ஏறினார்.

அவர் குறிப்பிடாமல் விட்டது ஆணி. பிரான்சில் பிப்ராக்ட், ஜெர்மனியில் மான்ஷிங் ஆகிய கெல்ட் ஊர்களின் மதில்களைத் தோண்டியபோது, மரங்கள் குறுக்கே சந்திக்கும் இடங்களில் 20 முதல் 30 செ.மீ. நீள இரும்பாணிகள் கிடைத்தன. இவ்வளவு பெரிய ஆணியைத் துளை போடாமல் அடித்தால் ஓக் மரம் பிளந்துவிடும். இத்தனை இரும்பு தேவைதானா? மண்ணின் பாரமே பெரும்பகுதி வேலையைச் செய்துவிடும். ஆகவே இதில் பகட்டும் கலந்திருக்கலாம். உள்ளே மறையும் ஆணியில் என்ன பகட்டு என்றால், கட்டும்போது ஊரே பார்த்திருக்குமே!

இரண்டாயிரம் ஆண்டில் மரம் மட்கிப்போகிறது, ஆணி மிஞ்சுகிறது. கண்டதும் பிடுங்கக் கூடாது. இருக்கும் இடம், ஆழம், சாய்வு மூன்றையும் முதலில் பதிய வேண்டும். வரிசையாக நின்றால் சட்டகம் கலையவில்லை. முகப்புப் பக்கம் சாய்ந்திருந்தால் மதில் முன்னால் சரிந்திருக்கிறது.

துருவைக் கழுவித் தேய்ப்பதுதான் பெரிய தவறு. இரும்பு துருப்பிடிக்கும்போது அதன் உப்புகள் பக்கத்து மர நார்களில் ஊறி, நாரின் வடிவத்தை அப்படியே அச்செடுத்து வைக்கின்றன. உருப்பெருக்கியில் பார்த்தால், ஆணியின் மேற்பகுதியில் நார் ஒரு திசையிலும் கீழ்ப்பகுதியில் அதற்குக் குறுக்காகவும் ஓடும். திசை மாறும் புள்ளியில்தான் இரண்டு மரங்களும் தொட்டுக்கொண்டன. ஆணித் தலையிலிருந்து அந்தப் புள்ளி 18 செ.மீ. என்றால், மேல் உத்திரத்தின் கனம் ஏறக்குறைய 18 செ.மீ. தலை மரத்துக்குள் புதைய அடிக்கப்பட்டிருந்தால் கணக்கு கொஞ்சம் பிசகும். அதனால் ஒரே ஆணியை நம்பாமல் பலவற்றை ஒப்பிட வேண்டும்.

மரமே கிடைத்தாலும் சிக்கல் உண்டு. வெட்டிய ஆண்டைத் துல்லியமாகச் சொல்லப் பட்டையை ஒட்டிய கடைசி ஆண்டு வளையம் வேண்டும். உத்திரத்தைச் சதுரமாகச் செதுக்கிய தச்சர் அதைத்தான் முதலில் சீவி எறிந்திருப்பார்.

இந்த மதிலின் பலவீனம் அதன் முகத்திலேயே இருக்கிறது. மழை படும் முனைகள் முதலில் அழுகும். அங்கே பொந்து விழும். மேலுள்ள கல் இறங்கும். பின்னாலிருந்து ஈர மண் தள்ள, முகப்பு வயிறு தள்ளி அகழியில் கொட்டும். ஏழு கிலோமீட்டர் சுற்றளவுள்ள மான்ஷிங்கில் பழைய முகப்பைப் பழுதுபார்க்கவில்லை. அதற்கு முன்னால் செங்குத்துக் கம்பங்களை நட்டு, இடையில் கல் அடுக்கி, வேறு பாணியில் புது முகப்பை எழுப்பினார்கள்.